காக்காய்ப்பொன்னும் கெவுடாக் கல்லும்

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள் பின்னேரம், கடை பூட்டும் நேரத்தில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் வந்தார். எனது இரும்புக்கடை இரத்தினபுரிக்குப் போகும் வீதியில் இருக்கிறது. மாணிக்கக் குழிகளில் வேலை செய்பவர்கள் மண்வெட்டி, அலவாங்கு, கயிறு, தண்ணீர் இறைக்கும் குழாய் என்று என்னிடம் வாங்குவதுண்டு. இதனால் எனக்குக் கல்லைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நினைப்பு. வந்தவர் ஒரு சிறிய போத்தலை மேசை மீது வைத்தார். உள்ளே ஆற்று மணல். மணலுக்குள் மஞ்சளாக ஏதோ மினுங்கியது.

"நாநா, இது தங்கம்தானே?" என்று கேட்டார்.

"எங்கே எடுத்தீங்க தம்பி?"

ஓர் ஓடையோரம் அரை ஏக்கர் காணி விலைக்கு வருகிறதாம். காணிக்காரர் அந்த ஓடையில் தங்கம் இருப்பதாகச் சொல்லி, கண் முன்னாலேயே மணலை அள்ளிக் காட்டினாராம். இவர் சில்லறைக் கடை நடத்துபவர். கடையின் முதலிலிருந்து இரண்டு இலட்சம் ரூபாவை முற்பணமாகக் கொடுத்துவிட்டார். மீதிக்கு மனைவியின் நகைகளை அடகு வைக்க மறுநாள் வங்கிக்குப் போக இருந்தார்.

நான் ஒரு தட்டில் மணலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிச் சுழற்றினேன். மினுங்கிய துண்டுகள் எல்லாம் தண்ணீரோடு மிதந்து ஓரத்தால் வெளியே ஓடின. தங்கமாக இருந்தால் அவை அடியில் அல்லவா தங்க வேண்டும்? ஒரு துண்டை எடுத்து ஊசி முனையால் அழுத்தினேன். ஏடு ஏடாகப் பிரிந்தது. அது மைக்கா. நமது முன்னோர் இதற்குக் காக்காய்ப்பொன் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் நம்மிடம் இருக்கிறது, பொருள் எது என்பதை மறந்துவிட்டோம்.

நகை தப்பியது. முற்பணம் திரும்பி வரவில்லை. உண்மையான தங்கத்தை அடகு வைத்துக் காக்காய்ப்பொன்னை வாங்க ஒரு வியாபாரி புறப்பட்டாரே என்ற கவலைதான் இவ்வாரம் இதை எழுதத் தூண்டியது.

தங்கம் இங்கே உண்டா?

இலங்கையின் சில ஆறுகளில் மணலோடு மணலாக மிகச் சிறிய அளவில் தங்கத் துகள்கள் காணப்படுவது உண்மைதான். ஆனால் வணிக அளவில் தோண்டப்படும் தங்கச் சுரங்கம் எதுவும் நமது நாட்டில் இல்லை. அயலில் இந்தியாவின் கோலாரில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய சுரங்கம் இயங்கியது. ஆழம் கூடிக் கூடி, செலவு வருமானத்தை மிஞ்சியதால் அதுவும் 2001 ஆம் ஆண்டு மூடப்பட்டது. தங்கம் நிலத்தில் இருப்பது ஒன்று, அதை இலாபத்தோடு எடுப்பது வேறொன்று. ஒரு நாள் முழுவதும் ஆற்றில் நின்று மணல் அரித்து, கண்ணுக்குத் தெரியாத நான்கு துகள் எடுத்தால் அது நல்ல பொழுதுபோக்கு. அதை நம்பிக் கடையின் முதலைப் போடுவது வியாபாரம் அல்ல.

தங்கம் என்று நம்மை ஏமாற்றுபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று மேலே சொன்ன மைக்கா. நமது மலைநாட்டுப் பாறைகளில் இது தாராளமாக உண்டு. கறுப்பு மைக்காவும் வெயிலிலும் மழையிலும் உக்கும்போது பொன்னிறமாகிவிடும். இரண்டாவது பைரைற் என்ற இரும்புக் கந்தகக் கனிமம். இது பாரமாகவும் பித்தளை நிறமாகவும் இருக்கும் என்பதால் விபரம் தெரிந்தவர்களும் தடுமாறுவார்கள்.

பிரித்தறிவது கடினமல்ல. தங்கம் தண்ணீரை விட 19.3 மடங்கு பாரமானது. பைரைற் 5 மடங்கு, மைக்கா 3 மடங்கும் இல்லை, சாதாரண மணல் 2.65 மடங்கு. ஆகவே தட்டில் சுழற்றினால் தங்கம் மட்டும் கறுப்பு மணலுக்கும் கீழே பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் தங்கம் தட்டையாகும், பைரைற் நொறுங்கும், மைக்கா ஏடு பிரியும். பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்புப் பூசாத ஒரு வளையம் இருக்குமே, அதில் உரசிப் பாருங்கள். தங்கம் மஞ்சள் கோடு போடும். பைரைற் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். நமது தட்டார்கள் காலங்காலமாக உரைகல்லில் செய்வதும் இதற்கு நெருங்கிய வேலைதான். ஆனாலும் பித்தளையும் மஞ்சளாகவே கோடு போடும் என்பதை மறக்க வேண்டாம். கட்டியாக யாராவது கொண்டு வந்தால் தட்டாரிடம் காட்டாமல் பணம் கொடுக்கக் கூடாது.

கெவுடா கற்பித்த பாடம்

இல்லாத தங்கத்தைத் தேடும் நாம், காலடியில் இருந்த செல்வத்தை அடையாளம் தெரியாமல் விற்ற கதையும் உண்டு. பேருவளை, சீனன்கோட்டை, இரத்தினபுரி, காலி என்று கல் வியாபாரத்தில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். மற்ற வியாபாரிகளும் தெரிந்திருக்க வேண்டும்.

1970 கள் வரை கெவுடா என்ற கல்லுக்கு இங்கே மதிப்பில்லை. பால் கலந்தது போல வெளிறிய, புகை மூடிய கல். நீலம் பிறந்த அதே குடும்பம்தான், ஆனால் நிறம் இல்லை. அதை ஒதுக்கிப் போட்டார்கள், கிடைத்த விலைக்குக் கொடுத்தார்கள். தாய்லாந்திலிருந்து வந்த வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிச் சென்றார்கள். எதற்கு வாங்குகிறார்கள் என்று நம்மவர்கள் யோசிக்கவில்லை. அங்கே உலையில் 1,600 பாகை செல்சியசுக்கும் மேலே சூடாக்கியபோது அந்த வெளிறிய கல் நல்ல நீலமாக மாறியது. கல்லுக்குள் பட்டு நூல் போலக் கிடந்த தைத்தேனியம் கரைந்து இரும்போடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. இங்கே கழிவு விலைக்குப் போன கல், அங்கிருந்து உலகச் சந்தைக்கு நீலக்கல்லாகப் போனது.

நமது கல்லை நாமே அறியாமல் இருந்ததற்கு நாம் கொடுத்த விலை அது. பின்னர் நம்மவர்களும் சூடாக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் அதற்கு முன்னர் போன கல் திரும்பி வரப்போவதில்லை. எவருடைய ஏமாற்றாலும் இந்த நட்டம் வரவில்லை. விற்றவருக்குத் தெரியாத ஒன்று வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நமது மண்ணிலிருந்து அறிவியலுக்கே புதிதாகப் போன கனிமங்களும் உண்டு. ஆனந்த குமாரசுவாமியைக் கலை பற்றி எழுதியவராகப் பலர் அறிவார்கள். அவர் இலங்கைக் கனிமவியல் அளவைத் திணைக்களத்தின் முதலாவது பணிப்பாளராக இருந்தவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. கண்டிப் பகுதியில் கிடைத்த ஒரு நீலநிறக் கனிமத்தை அவரும் பிரையர் என்ற ஆங்கிலேய அறிஞரும் 1903 ஆம் ஆண்டு அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயர் செரண்டிபைற். அரபு வியாபாரிகள் இந்நாட்டை அழைத்த செரண்டிப் என்ற பெயரே அதில் நிற்கிறது. எக்கநாயக்க என்பவர் 1953 இல் கண்டெடுத்த பச்சைக் கல்லுக்கு எக்கநைற் என்று அவரது பெயரே கிடைத்தது. அது கதிர்வீச்சு உள்ள கல் என்பதால் கண்டதையெல்லாம் மோதிரத்தில் பதிக்கக் கூடாது என்பதற்கும் அதுவே சாட்சி. கபில நிறப் பெரிடொற் என்று விற்கப்பட்ட இலங்கைக் கல் ஒன்று வேறொரு கனிமம் என்று 1952 இல் தெரியவந்து சின்ஹலைற் எனப் பெயர் பெற்றது. வித்தியாசத்தைக் கவனித்தவருக்குக் கண்டுபிடிப்பு கிடைத்தது. கவனிக்காதவருக்கு அது வெறும் ஒரு கபிலக் கல்.

கண் மட்டும் போதுமா?

கல் வியாபாரத்தில் பழுத்த பெரியவர்களிடம் இதைப் பேசினால், "எங்களுக்குக் கண்ணே போதும்" என்பார்கள். அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். நாற்பது வருடம் கல்லைப் புரட்டிய விரல்களுக்குத் தெரிவது புத்தகத்தில் இல்லை. ஆனால் கண்ணை ஏமாற்றவே ஒரு கைத்தொழில் உலகத்தில் இயங்குகிறது என்பதை மறுக்க முடியாது.

எனது சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதில் எனக்கும் கல் ஆசை வந்தது. தரகர் ஒருவர் ஒரு பொதி பட்டைதீட்டாத கற்கள் கொண்டு வந்தார். அதில் ஒரு நீலம் தனியாகத் தெரிந்தது. ஆற்றில் உருண்டது போல ஓரமெல்லாம் மழுங்கி, மேலே மண் ஒட்டி, பார்ப்பதற்குச் சுத்தமான குழிக்கல். வாப்பா கடைக்கென்று தந்த பணத்தில் வாங்கினேன். பட்டைதீட்டுபவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கல்லை என் கையில் திருப்பி வைத்தார். பிறகுதான் விளக்கினார். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணமாகவும் இருக்கும். உலையில் உருக்கி வளர்த்த கல்லில் அவை வளைந்து, இசைத்தட்டின் கோடுகள் போல ஓடும். என் கல்லில் ஓடியது வளைந்த கோடு. செயற்கைக் கல்லை உடைத்து, உருட்டி, மண் பூசி, நல்ல கற்களோடு கலந்து விற்றிருக்கிறார்கள். இந்த முறையில் கல் செய்யலாம் என்று வேர்னோய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902 இலேயே உலகத்துக்குச் சொல்லிவிட்டார். எண்பது வருடம் பிந்தி நான் அதை எனது செலவில் அறிந்துகொண்டேன். வாப்பா திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு தந்திரங்கள் கூடியிருக்கின்றன. 2001, 2002 காலப்பகுதியில் செம்மஞ்சள் நிறத்தில் பத்பராச்சா போன்ற கற்கள் தாய்லாந்துச் சந்தையில் குவிந்தன. சாதாரண கல்லோடு பெரிலியம் என்ற மூலகத்தைச் சேர்த்துச் சூடாக்கி வரவழைத்த நிறம் என்று பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. இதைக் கண்ணாலோ பூதக்கண்ணாடியாலோ உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிய ஆய்வுகூடங்கள்தான் சொல்ல வேண்டும். வெடிப்புகளுக்குள் கண்ணாடி நிரப்பிய சிவப்புக் கற்களும் சந்தையில் உண்டு.

இளைஞர்கள் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறார்கள். "ஆய்வுகூடச் சான்றிதழ் இருக்கிறதே, நாம் எதற்குக் கற்க வேண்டும்?" என்பது அவர்கள் வாதம். இதுவும் பாதிதான் சரி. ஒவ்வொரு கல்லையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப முடியாது. எந்தக் கல்லை அனுப்ப வேண்டும் என்று சந்தேகப்படுவதற்கே ஓர் அறிவு வேண்டும். வாசலில் நின்று பணத்தைக் கேட்பவர் சான்றிதழ் வரும்வரை காத்திருப்பதுமில்லை.

எடையைப் பார்த்து மயங்குவதும் ஒரு நோய். 2021 ஜூலை மாதம் இரத்தினபுரியில் கிணறு தோண்டும்போது கிடைத்ததாக 510 கிலோ எடையுள்ள நட்சத்திர நீலக்கல் திரள் ஒன்று உலகச் செய்தியானது. 10 கோடி டொலர் பெறும் என்று எழுதினார்கள். அதே வருடம் டிசம்பரில் ஹொரணையில் 310 கிலோ எடையுள்ள இன்னொன்று காட்டப்பட்டது. அவை காட்சிக்கு அரியவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கல்லின் விலை நிறம், தெளிவு, வெட்டினால் மிஞ்சும் அளவு ஆகியவற்றில் இருக்கிறது. தெளிவான இரண்டு கரட் கல்லுக்கு உள்ள கேள்வி தெளிவில்லாத இருபது கிலோவுக்கு இருக்காது. அந்தச் செய்திகளின் பின்னர் வீட்டுத் தோட்டத்துப் பாறைத் துண்டையெல்லாம் பையில் கட்டிக்கொண்டு எனது கடைக்கு வந்தவர்களை நான் எண்ணவில்லை.

செலவு குறைந்த சோதனைகள்

நான் சாதாரண பாடசாலைக் கல்வி மட்டும் உள்ளவன். எனக்கு விளங்கியதென்றால் எவருக்கும் விளங்கும்.

முதலாவது, கடினம். மோஸ் என்ற ஜேர்மனியர் 1812 இல் வகுத்த பத்துப் படி அளவு இது. நகம் இரண்டரை, செப்புக் காசு மூன்று, கண்ணாடி ஐந்தரை, பளிங்கு ஏழு, புஷ்பராகக் கனிமம் எனப்படும் டோபாஸ் எட்டு, நீலமும் மாணிக்கமும் ஒன்பது, வைரம் பத்து. கத்தியால் கீறுபடும் பச்சைக் கல் மரகதமல்ல என்று இதிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். கீறிப் பார்ப்பது நீங்களே பொறுக்கிய கரடான கல்லில் மட்டும்தான். பட்டைதீட்டிய கல்லில், அதுவும் பிறருடைய கல்லில் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது, ஒப்படர்த்தி. இது எதையும் சேதப்படுத்தாது. கல்லை முதலில் காற்றில் நிறுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். காற்றில் 20 கரட், தண்ணீரில் 15 கரட் என்றால் குறைந்தது 5. இருபதை ஐந்தால் பிரித்தால் 4. அது நீலம், மாணிக்கம் குடும்பத்தின் எண். அதே 20 கரட் மஞ்சள் கல் தண்ணீரில் 12.45 காட்டினால் விடை 2.65. அது மஞ்சள் நீலக்கல் அல்ல, வெறும் மஞ்சள் பளிங்கு. டோபாஸ் 3.5, ஸ்பினல் 3.6, சிர்க்கோன் 4.6 அளவில் நிற்கும். மாத்தறை வைரம் என்று பெயர் போட்டு விற்ற வெள்ளைக் கல் சிர்க்கோன்தான் என்பதைத் தராசு ஒரு நிமிடத்தில் சொல்லும். ஆனால் செயற்கை நீலமும் இதே 4 ஐத்தான் காட்டும். தராசு எந்தக் கல் என்று சொல்லும், எங்கே பிறந்தது என்று சொல்லாது.

இந்தக் கணக்கு மேற்கத்தையர் நமக்குத் தந்ததென்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் அல்பிரூனி கற்களையும் உலோகங்களையும் தண்ணீரில் இட்டு, வெளியேறும் நீரை நிறுத்து, அவற்றின் ஒப்படர்த்தியை அட்டவணையாக எழுதிவைத்தார். மணிக்கற்களுக்கென்றே ஒரு நூலும் செய்தார். அன்றைய வியாபாரிக்கும் போலிக் கல் தொல்லை இருந்திருக்கிறது.

மூன்றாவது, காந்தம். ஆற்று மணலில் பாரமான கறுப்பு மணல் சேர்ந்திருந்தால் அதில் ஒரு பகுதி காந்தத்தில் ஒட்டும். அது மக்னரைற். புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணல் பெரும்பாலும் இல்மனைற், அதோடு உருட்டைலும் சிர்க்கோனும் உண்டு. அந்தக் கறுப்பு மண் அழுக்கு என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். இன்று அது ஏற்றுமதிப் பொருள்.

நான்காவது, பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி. உள்ளே உருண்டையான குமிழிகள் கண்டால் கண்ணாடியோ செயற்கையோ என்று சந்தேகப்பட வேண்டும். இவை நான்கும் சந்தேகத்தைத் தீர்க்காதபோதுதான் ஆய்வுகூடம். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்குச் சொந்த ஆய்வுகூடம் உண்டு. அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

நமது காணி, ஆனால் நமது கல்லா?

"என் காணியில் நான் தோண்டினால் யார் கேட்பது?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கனிமங்களைத் தேடுவதற்கும் எடுப்பதற்கும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மாணிக்கக்கல்லுக்கு 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டம். குழி வெட்டவும், வாங்கி விற்கவும் அனுமதிப்பத்திரம் தேவை. புதையல் தோண்டுவது தொல்பொருட் சட்டத்தில் மாட்டிவிடும். பத்திரிகையில் வாரந்தோறும் அதற்குக் கைதாவோரைப் பார்க்கிறோம். ஆற்றங்கரையைக் குடைந்தால் கீழே உள்ளவனின் வயல் போகும். குழியை மூடாமல் விட்டால் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் விழும், மழைக்கு நுளம்பு பெருகும்.

இந்தக் கட்டுப்பாடு புதியதுமல்ல. 1344 இல் இந்நாட்டுக்கு வந்த இப்னு பதூதா, நூறு பணத்துக்கு மேல் பெறுமதியான கற்களை மன்னர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார், குறைந்தவை கண்டெடுத்தவருக்கே என்று எழுதியிருக்கிறார். அன்றும் கல்லுக்குச் சட்டம் இருந்தது.

என்ன செய்யலாம்?

ஆற்றோரத்தில் கல் பொறுக்கிப் பார்க்கும் பிள்ளைகளைத் தடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அது நல்ல பழக்கம். கையடக்கத் தொலைபேசியைக் குனிந்து பார்ப்பதை விட மணலைக் குனிந்து பார்ப்பது மேல். பொழுதுபோக்காக இருக்கட்டும், கற்றலாக இருக்கட்டும். கடையின் முதல் அதில் போக வேண்டாம் என்பதே எனது வாதம்.

ஊர் தோறும் வர்த்தக சங்கங்கள் இருக்கின்றன. வருடாந்த விருந்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியில் ஒரு மின்தராசு, நாலைந்து பூதக்கண்ணாடி, பெயர் எழுதிய இருபது மாதிரிக் கற்கள் வாங்கலாம். சங்கத்தின் அலுமாரியில் அவை இருக்கட்டும். விடுமுறையில் ஒரு பெரிய கல் வியாபாரியை அழைத்து இளைஞர்களுக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுக்கச் செய்யலாம். அவரது கண்ணும் தராசின் எண்ணும் ஒரே மேசையில் சேரட்டும். அந்தப் பெரியவர்களோடு அவர்கள் அறிவும் போய்விடுவதற்கு முன்னர் இது நடக்க வேண்டும்.

கல்லையோ காணியையோ விற்பவர் சொல்வதை வைத்து முற்பணம் கொடுக்கக் கூடாது. மாதிரியை நாமே எடுக்க வேண்டும், நாமே தெரிவு செய்த இடத்தில் சோதிக்க வேண்டும். அதற்கு விற்பவர் மறுத்தால் அங்கேயே ஸலாம் சொல்லி வந்துவிடுவது இலாபம். விற்கும் பக்கத்தில் நாம் இருந்தால் சூடாக்கிய கல்லைச் சூடாக்கியது என்றே சொல்லி விற்போம். குறையை மறைத்து விற்ற பணத்தில் பரக்கத் இல்லை என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் போத்தல் இன்னும் எனது கடை மேசையில் இருக்கிறது. கல்லோ மணலோ கொண்டு வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன். கொண்டு வந்த தம்பி இப்போது சில்லறைக் கடையைத் திரும்ப நிமிர்த்திக்கொண்டிருக்கிறார். இரண்டு இலட்சத்தை அரிசியிலும் சீனியிலும் உழைத்துத் திருப்பி எடுக்க எத்தனை மாதம் செல்லும் என்று அவரே கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார். போன வாரம் வந்து ஒரு பூதக்கண்ணாடி எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார். கொழும்புக்குப் போகும்போது வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.